இரண்டு வெலிங்டன், ஒரு ஆரஞ்சுப் பொடி

போன இதழில் அருவங்காட்டு வாசகர் ஒருவர், "வெடிமருந்துக்குக் கந்தகம் தனி, வெடியுப்பு தனி, கரி தனி என்று கலக்கிறார்களே, கந்தகமும் நைட்ரஜனும் ஒரே பொருளுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கவே இருக்காதா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது, அதன் பெயர் டெட்ராசல்பர் டெட்ராநைட்ரைடு, ரசாயனக் கூடத்தில் வேறு பொருட்களைச் செய்வதற்கு எடுத்து வைத்துக்கொள்ளும் ரீஏஜென்ட், சுத்தமாக ஆக ஆக ஆபத்தும் கூடும், இதில் கைவைத்துப் பழகிய ஓர் ஆஸ்திரேலியர் பிற்பாடு நோபல் பரிசே வாங்கினார் என்று நாலு வரியில் எழுதிவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை வேறு எதற்கும் இடம் இருக்காது போலிருக்கிறது. கேரட்டில் வெடிப்பு விழுவது பற்றிக் கேட்ட கேத்தி அம்மா மன்னிக்கணும், அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்குத்தான்.

● "பெயரே வாயில் நுழையவில்லை சார். அது பார்க்க எப்படி இருக்கும்? எங்கள் ஸ்கூல் லேபில் இருக்குமா?" (பிளஸ் டூ மாணவி, கோத்தகிரி)

இருக்காது கண்ணு. இருந்தால் தொடாமல் வெளியே வந்து டீச்சரிடம் சொல்லிவிடு.

பெயரைப் பிரித்தால் எளிது. டெட்ரா என்றால் நாலு. நாலு கந்தகம், நாலு நைட்ரஜன், அவ்வளவுதான் மொத்த உருப்படியும். எங்கள் காலத்தில் எஸ்-நாலு-என்-நாலு என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. கனகாம்பரப் பூவை உலர்த்திப் பொடித்து, அதில் கொஞ்சம் பொன்னைக் கலந்த மாதிரி ஒரு ஆரஞ்சு. இன்னொரு வேடிக்கை, அந்த நிறம் நிலையானதும் இல்லை. மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் வெளிறிய மஞ்சளாகிவிடும், 100 டிகிரிக்கு மேலே சூடாக்கினால் கருஞ்சிவப்புக்குப் போகும், நடுவில் நம் அறையின் வெப்பத்தில் மட்டும்தான் ஆரஞ்சு. ஜனவரி மாதம் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்துப் புல்லில் வெள்ளையாக உறைபனி விழுகிறதே, அந்தக் குளிரெல்லாம் இதற்குப் போதாது.

உருவமும் விசேஷம். நாலு நைட்ரஜனும் ஒரு சதுரத்தின் நாலு மூலையில் இருக்கும். கந்தகத்தில் இரண்டு அந்தச் சதுரத்துக்கு மேலே, இரண்டு கீழே, குறுக்கும் நெடுக்குமாக. மொத்தத்தில் மூங்கில் கூடை மாதிரி ஒரு கூண்டு. 1835-இல் கிரிகோரி என்பவர் கந்தகக் குளோரைடையும் அம்மோனியாவையும் சேர்த்து இதை முதலில் செய்தார். ஆனால் உள்ளே எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய 1944 வரை ஆயிற்று. கிட்டத்தட்ட 110 வருசம் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முகம் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சித்த மருந்துக் கடையில் மனோசிலை என்று ஒரு செந்நிறக் கல்லைப் பார்த்திருக்கலாம். அது ஆர்சனிக்கும் கந்தகமும் நாலுக்கு நாலு சேர்ந்த பொருள், விஷம். அதன் கூண்டும் இதே கூண்டுதான், ஆனால் அங்கே சதுரத்து மூலைகளில் கந்தகம் உட்கார்ந்திருக்கும், இங்கே கந்தகம் மேலும் கீழும் போய்விட்டது. உறவுக்காரர்கள் என்றே சொல்லலாம், ஆனால் இருப்பிடம் மாறியிருக்கிறது.

● "கந்தகமும் சாதுவான பொருள், நைட்ரஜனோ நாம் மூச்சு விடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. இரண்டு சாதுக்கள் சேர்ந்தால் எப்படி வெடிக்கும்?" (வங்கி ஊழியர், குன்னூர்)

நல்ல கேள்வி. இதற்குப் பதில் நீங்கள் தினமும் போகிற ரோட்டிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் போகும்போது மேலே சரிவில் ஒரு பாறை அந்தரத்தில் தொங்குகிற மாதிரி நிற்கும், பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வருவோம். அந்தப் பாறையில் வெடிமருந்து எதுவும் இல்லை, சாதாரணக் கல்தான். அது நிற்கிற உயரம்தான் பயம். அடியில் கொஞ்சம் மண் கரைந்தால் போதும், மிச்சத்தைச் சரிவே பார்த்துக்கொள்ளும்.

நைட்ரஜன் அணு இரண்டு ஜோடி சேர்ந்தால் மூன்று கைகளால் இறுகப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடியை விடுவிக்க ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண ரசாயனக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய கட்டு) சுமார் 945 கிலோஜூல் செலவு செய்ய வேண்டும். ரசாயனத்தில் இதைவிட இறுக்கமான பிடி அதிகம் கிடையாது. காற்றில் இருக்கும் நைட்ரஜன் சாது என்று சொன்னீர்கள் அல்லவா, அது சாது இல்லை, பள்ளத்தாக்கின் அடியில் சௌகரியமாகப் படுத்திருக்கிறது, எழுந்து வர மனசில்லை, அதுதான் விஷயம். எஸ்-நாலு-என்-நாலில் அந்த நைட்ரஜனைப் பிரித்து, கந்தகத்தின் பக்கத்தில் உட்கார வைத்து, கூண்டாகக் கட்டி மேலே ஏற்றி வைத்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டியவனைத் தொட்டபெட்டா உச்சியில் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார வைத்த மாதிரி. ஒரு மோல், அதாவது 184 கிராம், கந்தகமாகவும் நைட்ரஜனாகவும் பிரிந்து கீழே விழும்போது சுமார் 460 கிலோஜூல் வெளியே வருகிறது. வெளியிலிருந்து ஆக்சிஜன் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஒரு தட்டு, ஓர் உரசல், அடியில் அந்த மண் கரைவதற்கு அவ்வளவு போதும்.

கூண்டுக்குள் இன்னொரு சங்கடமும் உண்டு. எதிரெதிரே இருக்கும் கந்தகங்களுக்கு நடுவே தூரம் சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). சாதாரணமாகக் கைகோத்தால் 2.06 இருக்கும், சம்பந்தமே இல்லாமல் ஒதுங்கினால் 3.6 இருக்கும். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பேச்சுவார்த்தையும் இல்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை என்கிற மாதிரி. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

● "நான் கார்டைட் பேக்டரியில் 31 வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு சொல்கிறீர்களே, இதை ஏன் யாரும் வெடிமருந்தாகப் பயன்படுத்தவில்லை?" (அருவங்காடு)

ஐயா, உங்களுக்கு நான் வெடிமருந்து பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 460-ஐ 184-ஆல் வகுத்தால் கிராமுக்கு 2.5 கிலோஜூல் வருகிறது. குண்டுகளில் வழக்கமாகப் போடுகிற வெடிமருந்தான டி.என்.டி. கிராமுக்கு 4 சொச்சம். ஆக, பலத்தில் இது டி.என்.டி.யை நெருங்கவே இல்லை. ஆனால் டி.என்.டி.யை உருக்கி அச்சில் வார்க்கிறார்கள், இதைக் கரண்டியால் சுரண்டவே யோசிக்க வேண்டும். பலம் கம்மி, கோபம் ஜாஸ்தி, அப்படிப்பட்ட ஆளை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

கார்டைட்டின் அழகே அது சொன்னபடி கேட்கும் என்பதுதான், நீங்கள் பார்த்திராததா. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, நைட்ரோகிளிசரினோடு பிசைந்து, இடியாப்பம் மாதிரி இழையாகப் பிழிந்து எடுப்பது. பீரங்கிக் குழலுக்குள்ளே அது வெளிப்பக்கத்திலிருந்து அடுக்கடுக்காக எரிந்து, முழுக்க வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுகிறது. இழை எவ்வளவு தடிமனோ அதற்கு ஏற்ற நேரம். எஸ்-நாலு-என்-நாலில் வாயு என்று வருவது நைட்ரஜன் மட்டும்தான், கந்தகம் கசடாகக் குழலில் அப்பிக்கொள்ளும். அப்புறம் செலவு. இதையெல்லாம் யோசித்துப் பார்த்தால் 1835-லிருந்து இன்றுவரை இது ரசாயனக் கூடத்து அலமாரியை விட்டு வெளியே வராததற்குக் காரணம் தெரியும்.

● "சுத்தமாக ஆக ஆக ஆபத்து என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாக அசுத்தம்தானே ஆபத்து? அனுபவத்தில் எழுதினீர்களா, படித்து எழுதினீர்களா?" (கல்லூரி மாணவர், ஊட்டி)

இரண்டும். முதலில் படிக்கவில்லை, அதனால்தான் அனுபவம் வந்தது.

எண்பதுகளின் நடுவில், மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். புராஜெக்ட்டுக்காக எங்கள் பேராசிரியர் கொஞ்சம் எஸ்-நாலு-என்-நாலு செய்து வைத்திருந்தார், அதைச் சுத்தப்படுத்துவது என் வேலை. கரைத்து, குளிர வைத்து, படிகம் விழ விழ வடிகட்டி, மறுபடி கரைத்து என்று மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவை வந்த படிகங்கள் ஊசி ஊசியாக, ஜன்னல் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு, சரவிளக்குக் கண்ணாடி மாதிரி இருந்தன. எனக்கு ஒரே பெருமை. வடிதாளில் ஓரமாக ஒட்டியிருந்த கடுகளவு மிச்சத்தையும் வீணாக்க மனசில்லாமல் இரும்பு ஸ்பாட்டுலாவால் சுரண்டினேன்.

தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் கல்லில் தட்டுவார்களே பொட்டு வெடி, அதில் பத்துப் பதினைந்து பொட்டு ஒன்றாக வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஸ்பாட்டுலா எங்கேயோ போய் விழுந்தது, பிறகு நெடுநேரம் தேடி ஃபேன் ரெகுலேட்டருக்குக் கீழே கண்டெடுத்தோம். வடிதாளில் பழைய பத்துப் பைசா அளவுக்கு ஓட்டை, ஓட்டையின் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக மஞ்சள், மூக்கில் தீக்குச்சி உரசின வாசனை. கடுகளவு என்பதால் விரல் தப்பித்தது. காதுக்குள் மட்டும் சாயங்காலம் வரை ஒரு வண்டு.

பேராசிரியர் நிதானமாக வந்தார், தாளைத் தூக்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "எத்தனை தடவை படிகமாக்கினே?" என்றார். மூன்று தடவை சார் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அழுக்கோடு இருக்கும்போது நடு நடுவே வேறு துகள்கள், முக்கியமாகச் சாதாரணக் கந்தகம், மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். உரசினால் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெத்தையை எல்லாம் நான் பொறுப்பாகக் கழுவி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த லேபில் இதற்கு இரும்புக் கரண்டி கிடையாது, தாளை மடித்துத்தான் அள்ளுவோம், உரசுகிற கண்ணாடி மூடி போட்ட பாட்டிலும் கிடையாது, பெரிய அளவில் சேர்த்து வைப்பதும் கிடையாது.

● "யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யலாமா?" (பெயர் போடவில்லை, கூடலூர் முத்திரை)

கூடாது. எப்படிச் செய்வது என்று இந்தப் பகுதியில் எழுதப்போவதும் இல்லை.

● "தேயிலைக்கு அமோனியம் சல்பேட் போடுகிறோம். அதிலும் நைட்ரஜன், கந்தகம் இரண்டும் இருப்பதாக மூட்டையில் எழுதியிருக்கிறது. உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து வீட்டுக்காரி மூட்டையைச் சமையலறைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்கிறாள்." (சிறு தேயிலை விவசாயி, கட்டபெட்டு)

அண்ணா, முதலில் அண்ணி சொல்வது சரி, உர மூட்டையைச் சமையலறைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆனால் காரணம் வெடிப்பு அல்ல, சாப்பாட்டில் கலந்துவிடும் என்பதுதான்.

அமோனியம் சல்பேட்டில் சுமார் 21 சதவீதம் நைட்ரஜன், 24 சதவீதம் கந்தகம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இல்லை. நைட்ரஜன் நாலு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், கந்தகம் நாலு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம். ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள், ஆளுக்கொரு குடும்பம், அவரவர் சௌகரியமாக இருக்கிறார்கள், சண்டைக்கு வழியே இல்லை. எஸ்-நாலு-என்-நாலில் இந்த இரண்டு பேரைத் தவிர வீட்டில் வேறு ஆளே கிடையாது. என்ன தனிமம் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்து ஒரு பொருளின் குணத்தைச் சொல்ல முடியாது, யார் கையை யார் பிடித்திருக்கிறார் என்றுதான் பார்க்கணும். அந்த உரம் மண்ணைக் கொஞ்சம் புளிப்பாக்கும், தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், அதனால்தான் உங்கள் அப்பா காலத்திலிருந்து போடுகிறீர்கள். ஒன்றும் ஆகாது, போடுங்கள்.

● "ஐயா, நீங்கள் சொன்ன நோபல்காரர் மெக்டயார்மிட் ஆஸ்திரேலியர் அல்ல. நியூசிலாந்துக்காரர். என் மகன் அங்கே இருக்கிறான், அவனும் சொல்லிவிட்டான். திருத்தம் போடவும்." (ஓய்வு பெற்ற ராணுவத்தினர், வெலிங்டன்)

திருத்தம் போட்டாயிற்று. தப்பு என்னுடையது, அசிங்கமான தப்பு. அதிலும் அந்தக் கடிதம் வெலிங்டனிலிருந்து வந்ததுதான் எனக்குச் சரியான சூடு, ஏன் என்று சொல்கிறேன்.

ஆலன் மெக்டயார்மிட் 1927-இல் நியூசிலாந்தில் மாஸ்டர்டன் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் வசதி இல்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் பாத்திரம் கழுவி, தரை கூட்டுகிற லேப் பையனாகப் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தார், கூடவே படித்தார். அந்தக் கல்லூரி இருந்த ஊர் வெலிங்டன். நம் வெலிங்டனுக்கு முன்பு ஜக்கதளா என்று பெயர், பிறகு பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். நியூசிலாந்து வெலிங்டனுக்கும் அதே பிரபுவின் பெயர்தான். ஆக உங்கள் ஊர்ப் பெயருள்ள ஊரில்தான் இந்த ஆரஞ்சுப் பொடி அவர் கைக்கு வந்தது. எம்.எஸ்சி. ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்த பொருள் எஸ்-நாலு-என்-நாலு. அதிலிருந்து செய்த பொருட்களைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரைதான் அவருடைய முதல் கட்டுரை, 1949-இல் நேச்சர் இதழில் வந்தது. லேப் கூட்டின பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நிறங்கள் என்றால் தனக்கு உயிர் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார், அந்த ஆரஞ்சைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

● "அந்தப் பொடிக்கும் நோபல் பரிசுக்கும் என்ன சம்பந்தம்? ரீஏஜென்ட் என்றால் என்ன செய்ய?" (முதுகலை மாணவி, ஊட்டி. இதே கேள்வியை வேறு சொற்களில் இன்னும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து இது.)

ரீஏஜென்ட் என்பது சமையலில் புளி மாதிரி. புளியைத் தின்பதற்காக யாரும் வாங்குவதில்லை, குழம்புக்குள் போய் வேலை செய்யத்தான். கந்தகமும் நைட்ரஜனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரு வளையத்தை ஏதாவது மூலக்கூறில் கட்ட வேண்டும் என்றால், ஏற்கெனவே அப்படி ஜோடியாக இருக்கிற பொருளைப் பிய்த்துப் பொருத்துவது சுலபம். எஸ்-நாலு-என்-நாலை அல்கைன் மாதிரியான கரிமப் பொருட்களோடு வினைபுரிய விட்டால் தயாடயசோல் என்ற ஐந்து கோண வளையங்கள் கிடைக்கும். கண் நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தாக டைமலால் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அந்த மருந்துக்குள் இருப்பது இந்த மாதிரி வளையம்தான். உடனே பயந்து சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மருந்துக் கம்பெனியில் வளையத்தைக் கட்டுகிற வழியே வேறு, அதற்குள் நம் ஆரஞ்சுப் பொடி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதையே குளோரினோடு சேர்த்தால் டிரைதயசில் டிரைகுளோரைடு என்று ஆறு அணு வளையத்தோடு இன்னொரு ரீஏஜென்ட் கிடைக்கும், கந்தக-நைட்ரஜன் வேதியியலில் பாதிக் கடை அங்கிருந்துதான் விரிகிறது.

இனிதான் நோபல் கதை. எஸ்-நாலு-என்-நாலின் ஆவியைச் சூடான வெள்ளி இழைகளின் மேலே ஓட விட்டால் கூண்டு இரண்டாகப் பிளந்து எஸ்-இரண்டு-என்-இரண்டு என்ற குட்டிச் சதுரமாகும். (வெள்ளியும் ரசாயனமும் ஊட்டிக்காரர்களுக்குப் புதிதில்லை, பிலிம் பேக்டரி சங்கு ஊதிய காலம் எனக்கு நினைவிருக்கிறது, அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) இந்தக் குட்டியும் லேசுப்பட்டதல்ல, வெடிக்கும். ஆனால் சும்மா விட்டால் தானாகவே சதுரம் திறந்து, பக்கத்துச் சதுரத்தோடு கைகோத்து, கந்தகம் நைட்ரஜன் கந்தகம் நைட்ரஜன் என்று முடிவில்லாத சங்கிலியாக நீளும். அந்தச் சங்கிலிதான் பாலிதயசில். 1910-இலேயே செய்துவிட்டார்கள். பார்க்கப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கின மாதிரி மினுக்கும். ஓர் உலோக அணுகூட இல்லை, ஆனால் உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும். 1975-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இதை முழுப்பூஜ்யத்துக்கு (அதற்குக் கீழே குளிரே கிடையாது) மேலே வெறும் கால் டிகிரி, துல்லியமாக 0.26 கெல்வின் வரை குளிர்வித்துப் பார்த்தால், மின்தடையே காணாமல் போய்விட்டது. உலோகமே இல்லாத பாலிமர், அதாவது சங்கிலி மூலக்கூறு, ஒன்று மீக்கடத்தியாக நின்றது அதுதான் முதல் தடவை.

இந்த மீக்கடத்திச் செய்திக்கு முன்பே நடந்தது அடுத்த கதை. மெக்டயார்மிட் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே இயற்பியல் துறையில் இருந்த ஆலன் ஹீகர் இந்தச் சங்கிலியைப் பற்றிய செய்தியோடு அவரைப் பார்க்க வருகிறார், "எஸ்என் மின்சாரம் கடத்துகிறதாம், சேர்ந்து பார்க்கலாமா?" என்கிறார். வேதியியல்காரர் காதில் எஸ்என் என்றால் என்ன விழும்? வெள்ளீயத்தின் குறியீடு. வெள்ளீயம் மின்சாரம் கடத்துவது ஒரு செய்தியா என்று இவர் பார்க்கிறார். எழுதிக் காட்டின பிறகுதான் எஸ்ஸும் என்னும் தனித்தனி, கந்தகமும் நைட்ரஜனும் என்று தெரிகிறது. வெலிங்டனில் பழகிய பழைய சிநேகிதன் திரும்பி வந்திருக்கிறான்.

● "டீ குடித்ததால் நோபல் கிடைத்தது என்று என் பேரன் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்கிறான். நாற்பது வருசம் டீ பேக்டரியில் நின்றவனுக்கு யாரும் ஒரு சுண்டல்கூடக் கொடுக்கவில்லையே!" (கோத்தகிரி)

பேரன் சொன்னது பாதிக்கு மேல் நிஜம். 1975-இல் மெக்டயார்மிட் ஜப்பானில் இருந்தார், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய் இந்தப் பொன்னிறப் பாலிமரைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் பச்சைத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து பாலிதயசில் துண்டை எடுத்துக் காட்டுகிறார். பக்கத்தில் நின்ற ஹிதேகி ஷிராகாவா, என்னிடமும் மினுக்குகிற பாலிமர் ஒன்று இருக்கிறது என்று வெள்ளித் தாள் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். அது பாலிஅசிட்டிலீன். அதுவும் ஒரு தப்பில் பிறந்ததுதான், 1967-இல் அவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு விருந்தினர் ஆய்வாளர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார், கறுப்புப் பொடி வர வேண்டிய இடத்தில் பளபளக்கிற ஏடு வந்தது, பால் ஏடு மாதிரி.

ஷிராகாவாவை மெக்டயார்மிட் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்து அந்த வெள்ளி ஏட்டில் அயோடின் ஆவியை ஏற்றினார்கள், மின்சாரம் கடத்துகிற திறன் ஒரு கோடி மடங்கு எகிறியது. 1977-இல் கட்டுரை, 2000-இல் மூவருக்கும் நோபல். பரிசு பாலிஅசிட்டிலீன் வழியாகத்தான் வந்தது, நம் கந்தகச் சங்கிலிக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாமான் பையில் அந்தப் பொன்னிறத் துண்டு இல்லாவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, பதிலுக்குக் காட்ட ஷிராகாவாவுக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. அது பச்சைத் தேநீர் என்பதால் நீலகிரி டஸ்ட்டுக்குப் பங்கு கேட்க வழியில்லை, ஐயா மன்னிக்கணும்.

● "இன்றைக்கு இதற்கு ஏதாவது நடைமுறை உபயோகம் உண்டா, இல்லை எல்லாம் பேப்பரில்தானா?" (போலீஸ் துறையில் இருக்கும் வாசகர், குந்தா)

உங்கள் துறைக்கே ஒன்று இருக்கிறது. 2008-இல் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில், எஸ்-இரண்டு-என்-இரண்டு ஆவியைக் கைரேகை பட்ட பொருள் மேலே படரவிட்டால், ரேகை ஓடிய வரிகளில் மட்டும் அந்தக் கந்தகச் சங்கிலி வளர்ந்து, நீலம் கலந்த கறுப்பில் ரேகை எழுந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரேகைதான், ஆவி அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. தடயவியல் ஆட்களுக்குக் கேட்கவே இனிக்கும். ஆனால் முழுக்க நம்பி இறங்கிவிட முடியாது, ரேகை எடுக்க வந்த ஆவியே தட்டினால் வெடிக்கிற ஆவி. உங்கள் ஸ்டேஷனுக்கு இப்போதைக்கு அந்தப் பழைய பொடியும் பிரஷ்ஷும்தான்.

● "ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கெட்டிலில் படியும் வெள்ளைக் கறைக்குக் கடையில் ஒரு பவுடர் கொடுத்தார்கள், சல்ஃபாமிக் ஆசிட் என்று போட்டிருக்கிறது. இதுவும் கந்தகம் நைட்ரஜன்தான் என்று மகள் சொல்கிறாள். கெட்டில் வெடிக்குமா?" (கொடைக்கானல்)

மகள் சொன்னது சரி, அதில் கந்தகமும் நைட்ரஜனும் நேராகவே கைகோத்திருக்கின்றன. ஆனால் கந்தகத்தின் மற்ற கைகளில் மூன்று ஆக்சிஜன், அதனால் ஆள் நிதானம். கெட்டில் வெடிக்காது. யூரியாவிலிருந்து செய்கிற வெள்ளைப் படிகம், பரிசோதனைக்கூடத்தில் மற்ற கரைசல்களின் வீரியத்தை அளக்க அளவுகோலாகவே வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவு ஒழுங்கு. தண்ணீரில் கொஞ்சம் கரைத்து ஊற வைத்து, கறை போனதும் நாலு தடவை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு தடவை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் விருந்தாளிக்குக் காபி போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் முக்கியம், பாத்ரூமுக்கு வைத்திருக்கிற பிளீச்சோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

● "அந்த ஓட்டை விழுந்த வடிதாள் இப்போது எங்கே?" (என் மனைவி, பக்கத்து அறையிலிருந்து, இதைத் தட்டச்சு செய்யும்போது)

உன் ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கிறது, அடியில் பார்.